தெர்மோஸ்டாட் 21 காட்டுகிறது, ஆனால் அம்மாவுக்குக் குளிர்கிறது: தரைச் சூடேற்றம் பற்றி உதவி தேவை

பனிமலர்:
வணக்கம். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. முன்பு இருந்த வீட்டில் சுவரோரம் ரேடியேட்டர்தான். இது எங்களுக்கு முற்றிலும் புதிது.

கூடத்தில் தெர்மோஸ்டாட் 21 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் சன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மா போர்வை கேட்கிறார். எனக்கும் அங்கே தோள் சில்லிடுகிறது. காலையில் 24-க்கு ஏற்றிப் பார்த்தேன். சாயங்காலம் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, இரவு பதினொரு மணிக்கு வீடே புழுங்கியது. தூங்கப் போகும்போது அணைத்துவிட்டு, காலை ஆறு மணிக்குத் திரும்பப் போடுகிறோம்.

இன்னொரு தொல்லை, அம்மாவின் அறைத் தரை மட்டும் சூடாவதே இல்லை. அவருக்கு மூட்டுவலி உண்டு. வெறுங்காலோடு நடக்கவே பயப்படுகிறார். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நீர்ச்சுற்று:
சகோதரி, இவை இரண்டும் தனித்தனிக் கோளாறு, சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் சில விவரம் சொல்லுங்கள். குழாய்கள் கான்கிரீட்டுக்குள் இருக்கின்றனவா, மரப்பலகைக்கு அடியிலா? தரைமேல் கம்பளம் விரித்திருக்கிறீர்களா? சன்னலில் ஒற்றைக் கண்ணாடியா, இரட்டையா? குழாய்கள் எல்லாம் வந்து சேரும் மேனிஃபோல்டு பெட்டி எங்காவது சுவரில் இருக்கும். அதன் மேல்வரிசையில் சிறு கண்ணாடிக் குழல்கள் தெரிந்தால், ஒவ்வொன்றிலும் என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் அந்த எண்.

இன்று இரவிலிருந்தே அணைப்பதை நிறுத்திவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

பனிமலர்:
நன்றி அண்ணா. கான்கிரீட், மேலே ஓடு. கூடத்தில் பாதி இடத்தில் தடித்த கம்பளம், அடியில் நுரை விரிப்பு. அம்மா கால் வைக்க மெத்தென்று இருக்கட்டும் என்று நான்தான் போட்டேன். சன்னல் ஒற்றைக் கண்ணாடி, பெரியது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஆறு குழல்கள். ஐந்தில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, கடைசியில் பூஜ்ஜியம். அம்மா அறை அதுவாக இருக்குமோ?

ஒளிநிழல்:
குறுக்கே வருகிறேன், சன்னல் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது.

தெர்மோஸ்டாட் பெரும்பாலும் காற்றின் சூட்டைத்தான் அளக்கிறது. உடம்பு அதை மட்டும் பார்ப்பதில்லை. நம் தோல் ஏறக்குறைய 33 டிகிரியில் இருக்கிறது, சுற்றியுள்ள சுவர், தரை, கூரை, கண்ணாடி எல்லாவற்றோடும் எந்நேரமும் கதிர்வீச்சாக வெப்பத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பது குளிர்ந்திருந்தால் கொடுப்பது அதிகம், வாங்குவது குறைவு. எரியும் நெருப்பின் முன் உட்கார்ந்திருக்கும்போது யாராவது குறுக்கே வந்து நின்றால் முகத்தில் பட்ட சூடு சட்டென்று மறைகிறது அல்லவா? அந்தக் கணத்தில் காற்று மாறவில்லை, கதிர் மட்டும்தான் மறைக்கப்பட்டது.

வெளியே பூஜ்ஜியம் டிகிரி, உள்ளே 20 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 5 டிகிரியை ஒட்டியே இருக்கும். இரட்டைக் கண்ணாடி என்றால் 12, 13 வரை வரும். அம்மாவின் ஒரு தோள் அந்த 5 டிகிரிப் பரப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. போதாததற்குக் கண்ணாடியில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கிக் காலடியில் ஓடும்.

காற்றோட்டம் அதிகம் இல்லாத அறையில், காற்றின் சூட்டுக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரிச் சூட்டுக்கும் நடுவில் உள்ளதைத்தான் உடம்பு ஏறக்குறைய உணர்கிறது. காற்று 21, பரப்புகள் 17 என்றால் உங்களுக்கு 19 போலத் தோன்றும். காற்று 19-ஆகவே இருந்தாலும் பரப்புகள் 23 என்றால் 21 போல இருக்கும். தரைச் சூடேற்றத்தின் பலமே இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. அறையிலேயே பெரிய பரப்புகளில் ஒன்று இதமாகிவிடுகிறது, அது தன் கதிரால் சுவரையும் சாமான்களையும்கூடச் சற்று ஏற்றிவிடுகிறது. சூடான காற்றுதான் மேலே போகும், கதிர் எல்லாப் பக்கமும் போகும்.

நாற்காலியை உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். இருட்டியதும் கனமான திரையை இழுத்துவிடுங்கள்.

நீர்ச்சுற்று:
நன்றாகச் சொன்னார். நான் அடுத்த பாதிக்கு வருகிறேன்.

ரேடியேட்டரில் 60, 70 டிகிரி வெந்நீர் ஓடும். தரைக்கு 30 முதல் 45 வரை போதும், பரப்பு அவ்வளவு பெரியது. தரையின் மேல்பக்கம், ஆட்கள் புழங்கும் இடத்தில் 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. அதற்கு மேல் போனால் பாதம் வேர்த்து எரிச்சலாகும். தரை அறையைவிட ஒரு டிகிரி கூடினால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் வெளிவரும். அறை 20, தரை 27 என்றால் 75 வாட் சுமார். இப்போது கம்பளத்துக்கு வாருங்கள். நுரையோடு சேர்ந்து அது வெப்பத்தை அடியிலேயே பிடித்துவைக்கிறது. மெத்தென்று இருக்கும், ஆனால் கூடத்தில் பாதித் தரை வேலை செய்யவில்லை. எடுத்துவிடுங்கள். ஓடு சரியாகச் சூடானால் அம்மாவுக்குக் கம்பளமே தேவைப்படாது.

இரவில் அணைப்பது பற்றி. அந்தக் கான்கிரீட் ஆறேழு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். குளிர்ந்ததை மறுபடி ஏற்ற மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், வீடு முழுக்கக் குளிர்ந்திருந்தால் இன்னும் கூட. காலையில் 24 வைத்தீர்கள், தரை பகல் முழுக்க வெப்பத்தை விழுங்கியது, தெர்மோஸ்டாட் நிறுத்திய பிறகும் தரை தன்னிடம் இருந்ததை விட்டுக்கொண்டே இருந்தது. அதுதான் அந்தப் பதினொரு மணிப் புழுக்கம். ஒரே எண்ணில் விடுங்கள். மாற்றினால் அரை டிகிரி மாற்றி, ஒரு நாள் முழுக்கப் பொறுத்துப் பாருங்கள்.

பூஜ்ஜியம் காட்டும் சுற்றுக்கு (பெட்டியிலிருந்து ஒரு அறைத் தரைக்குள் போய்த் திரும்பும் குழாய்தான் ஒரு சுற்று): அம்மா அறைத் தெர்மோஸ்டாட்டை முழுக்க ஏற்றி ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். பிறகும் பூஜ்ஜியம்தான் என்றால், கீழ்வரிசையில் அதே சுற்றின் வால்வு தலைமேல் தொப்பி போல ஒரு மோட்டார் இருக்கும், அதைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சிறு ஊசி தெரியும், விரலால் அழுத்தினால் இறங்கி மேலே வர வேண்டும். கழற்றியதும் எண் ஏறினால் கோளாறு மோட்டாரிலோ வயரிலோ இருக்கிறது. ஊசி கீழேயே ஒட்டியிருந்தால், தட்டையான ஏதாவது வைத்து மெதுவாகப் பலமுறை அழுத்திவிடுங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டாம், பிடுங்கிக்கொண்டு வந்தால் தண்ணீர் பீய்ச்சும். ஊசி நன்றாக அசைந்தும் பூஜ்ஜியம்தான் என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. அதற்கு மற்ற சுற்றுகளை மூடி, அந்த ஒன்றில் மட்டும் தண்ணீர் செலுத்தி விரட்ட வேண்டும். அதை ஆள் வைத்தே செய்யுங்கள்.

பனிமலர்:
அண்ணா, ஊசிதான்! அடிவரை இறங்கி ஒட்டியிருந்தது. மரக்கரண்டிக் காம்பின் நுனியால் இருபது முறையாவது அழுத்தியிருப்பேன், திடீரென்று எழும்பியது. குழலில் எண் ஒன்றரைக்கு வந்தது. மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் தரை குளிர்ச்சியாகவே இருந்தது, அழுகையே வந்துவிட்டது. நீங்கள் சொன்னதை நினைத்துப் பொறுத்தேன். இன்று காலை அம்மா செருப்பில்லாமல் சமையலறை வரை நடந்து வந்தார்.

கம்பளத்தைச் சுருட்டிவிட்டேன், நாற்காலியை மாற்றிவிட்டேன். கூடம் இரண்டு நாளாக 21-லேயே இருக்கிறது, போர்வை கேட்கவில்லை. சொல்லப்போனால் சற்று அதிகமாகவே இருக்கிறது, 20-க்கு இறக்கலாமா?

நீர்ச்சுற்று:
இறக்கலாம் சகோதரி. முதலில் 20.5, நாளை இதே நேரம் அம்மாவிடம் கேட்டுவிட்டு மீதி அரை. கோடையில் எல்லாம் நின்றிருக்கும்போது மாதம் ஒருமுறை அந்த ஆறு ஊசிகளையும் அழுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதால்தான் அவை ஒட்டிக்கொள்கின்றன.