'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', 'ஹக்கிள்பெரி ஃபின்': இனவெறியைக் காட்டும் நாவல்களா, இனவெறி நாவல்களா?

இளவேனில்:
வாசகர் வட்டத்தில் அடுத்து ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' இரண்டையும் எடுத்திருக்கிறோம். கூட்டம் நடப்பதற்கு முன்பே இரண்டு கட்சி. "அந்தக் காலம் அப்படி" என்கிறார்கள் சிலர். "கான்ராட் இனவெறியர்னு நைஜீரிய நாவலாசிரியர் அச்செபேயே சொல்லிட்டார், அப்புறம் என்ன பேச்சு" என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டுமே நாவலைத் திறக்காமலே பேசக்கூடிய வாதங்கள். பிரதியை வைத்து இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எந்தப் பகுதிகளை உரக்கப் படிக்கலாம்?

கரிசல்காடு:
கறுப்பர்களைக் குறிக்கும் வசைச்சொல்லை எண்ண ஆரம்பித்தால் விவாதம் அங்கேயே நின்றுவிடும். ட்வைன் நாவலில் அது 200 தடவைக்கு மேல் வரும், எண்ணி என்ன ஆகப்போகிறது? பாத்திரம் ஒன்றைச் சொன்ன பிறகு கதை அதை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

32ஆம் அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள். நீராவிப் படகில் வெடிவிபத்து என்று, கதையைச் சொல்லும் வெள்ளைக்காரச் சிறுவன் ஹக் கதை விடுகிறான். யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் மனுஷங்களுக்கு அடிபட்டுவிடும் என்கிறாள். சாலி கொடுமைக்காரி இல்லை, நாவலில் வரும் அன்பான மனுஷிகளில் ஒருத்தி. அந்த இடத்தில் குத்து வாங்குவது வாசகர்தான். போன அத்தியாயத்தில்தான், தன்னோடு வந்த, தப்பியோடிய அடிமை ஜிம்முக்காக நரகத்துக்குப் போகவும் தயார் என்று முடிவெடுத்த ஹக், இங்கே இந்தப் பொய்யைக் கூசாமல் சொல்கிறான். அவனைத் திருந்தியவனாக ட்வைன் காட்டவில்லை.

கூடவே 15ஆம் அத்தியாயம். மூடுபனியில் பிரிந்து திரும்பிய ஹக், எல்லாம் கனவு என்று ஜிம்மை ஏமாற்றுகிறான். ஜிம் அவனை முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறான். மன்னிப்புக் கேட்க மனம் வருவதற்கு ஹக்குக்கு 15 நிமிஷம் ஆகிறது. அந்த 15 நிமிஷத்தை ட்வைன் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

(1885ல் கான்கார்ட் ஊர் நூலகம் இந்த நாவலை ஒதுக்கியது. காரணம் இனவெறி இல்லை, 'தரக்குறைவான' பேச்சு. "அந்தக் காலம் அப்படி" கட்சிக்கு இதையும் சொல்லுங்கள்.)

செண்பகம்:
கரிசல் சொன்னது 32 வரைக்கும் சரி. அதற்குப் பிறகு வரும் பத்துப் பதினொரு அத்தியாயங்களை என்ன செய்வீர்கள்? ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்ததும் ஜிம் விளையாட்டுப் பொம்மை ஆகிவிடுகிறான். அடைபட்ட குடிசையில் எலி, பாம்பு, சிலந்தி எல்லாம் கொண்டுவந்து விடுகிறார்கள். ஜிம்மின் எஜமானி வாட்சன் அம்மாள் உயிலில் ஜிம்மை விடுதலை செய்தாயிற்று என்பது டாமுக்கு முதலிலிருந்தே தெரியும்! கடைசியில் பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு 40 டாலர் கொடுக்கிறான். 'ராஜா' என்று சொல்லிக்கொள்ளும் மோசடிக்காரன் ஜிம்மைக் காட்டிக்கொடுத்து வாங்கியதும் 40 டாலர். ட்வைன் வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, உரக்கப் படித்தால் சபையில் எல்லோரும் கவனிப்பார்கள்.

வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக் கூத்தின் அச்சில்தான் ட்வைன் ஜிம்மை வார்த்தார், அந்த முகமூடிக்குப் பின்னாலிருந்து ஜிம்மின் கண்ணியம் வெளிப்படுகிறது என்று கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எல்லிசன் 1958ல் எழுதினார். என் கணக்கில் கடைசிப் பகுதியில் முகமூடி மட்டும்தான் மிச்சம்.

நெய்தல்:
கான்ராட் பற்றி. 1890ல் காங்கோ போய்வந்தவர், 1899ல் பிளாக்வுட்ஸ் இதழில் இந்தக் கதையை எழுதினார். காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சுரண்டலைக் காட்டியதில் சந்தேகமே இல்லை. கழுத்தில் இரும்பு வளையத்தோடு வரிசையாக நடக்கும் ஆறு பேரின் விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது என்று எழுதும் கை, ஆட்சிக்கு வக்காலத்து வாங்குகிற கை இல்லை.

1975ல் அச்செபே வைத்த குற்றச்சாட்டு வேறு. ஆப்பிரிக்கர்கள் வெறும் பின்னணி, பேச்சுகூட அவர்களுக்கு இரண்டு இடத்தில்தான்: பிடித்துக் கொடு, தின்போம் என்பது ஒன்று, கர்ட்ஸ் (கதையின் மையமான வெள்ளைக்காரத் தந்த வியாபாரி) செத்துவிட்டார் என்பது இன்னொன்று. கூட்டத்தில் ஒரு எச்சரிக்கை: "ஆப்பிரிக்கர்களுக்குப் பெயரே இல்லை" என்று வாதிடாதீர்கள். மேனேஜர், செங்கல் போடுபவர், ரஷ்யர் என்று வெள்ளையர்களில் பலருக்கும் பெயர் கிடையாது, எதிர்த்தரப்பு ஒரு நிமிஷத்தில் கவிழ்த்துவிடும். பேச்சு என்ற வாதம்தான் நிற்கும்.

இளவேனில்:
நன்றி. ஆனால் ஆப்பிரிக்கரை நாயைப் போல என்றெல்லாம் சொல்வது, கதை சொல்லும் பாத்திரமான மார்லோ. கான்ராட் இல்லையே?

நெய்தல்:
அச்செபே அதையும் எதிர்பார்த்தே பதில் சொன்னார்: மார்லோவின் பார்வைக்கு மாற்றான இன்னொரு பார்வைக்கு நாவலில் சின்னக் குறிப்புகூட இல்லை. சோதித்துப் பாருங்கள். இரண்டாம் பகுதியில், கப்பலில் கதை கேட்பவர்களை மார்லோ நையாண்டி செய்ததும் ஒருவர் "மரியாதையாகப் பேசு" என்று உறுமுகிறார். கொதிகலன் பார்க்கும் ஆப்பிரிக்க ஆளைக் கால்சட்டை போட்ட நாயோடு ஒப்பிடும்போது ஒரு குரலும் எழவில்லை.

ஆனால் மார்லோவின் படகில் சுக்கான் பிடித்த ஆப்பிரிக்கன் செத்த பிறகு வரும் பத்தியைச் சேர்த்துப் படிக்காமல் தீர்ப்பு எழுதவேண்டாம். சஹாராவின் ஒரு மணல் துகள் அளவுதான் அவன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிகளிலேயே அவன் பார்வையில் தூரத்து உறவின் உரிமை தெரிந்தது என்கிறான் மார்லோ. இரண்டும் ஒரே மூச்சில். உங்கள் இரண்டு கட்சியும் அந்தப் பத்திக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

கரிசல்காடு:
செண்பகத்தின் 40 டாலரை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காயம்பட்ட டாமை விட்டுப் போகமாட்டேன் என்று ஜிம் தங்கி, அதனாலேயே மறுபடி பிடிபடுவதும் அதே கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது.