கட்ஆஃப் 167, வாசலில் புரோக்கர்

தேனி_வெல்டிங்:
வணக்கம். தேனியில் லாரி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ. கணக்கு 88, இயற்பியல் 80, வேதியியல் 78. கணக்கை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டினால் இன்ஜினியரிங் கட்ஆஃப் 167 வருகிறது. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாதாம். டிரிபிள் ஈ, அதாவது மின்பொறியியல்தான் வேண்டும் என்கிறாள். பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த ஆசை.

நேற்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். ஏதோ ஒரு தனியார் காலேஜுக்கு ஆள் சேர்க்கிறாராம். "அரசு நடத்தும் கவுன்சலிங் வரை காத்திருந்தால் சீட் போய்விடும், இப்போதே 10,000 கட்டுங்கள்" என்றார். ஒரிஜினல் டி.சி.யையும் கேட்டார். அதுதான் உறுத்தியது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி வாங்கியதில்லை. வருஷத்துக்கு 60,000-க்கு மேல் என்னால் முடியாது.

பர்கூர்_டிரிபிள்ஈ:
அண்ணே, ஒரிஜினலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

வீட்டில் முதல் ஆளாக டிகிரி படிப்பதால் உங்கள் மகளுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். காலேஜே நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மென்ட் சீட்டில் போனால் அது போச்சு. அந்த ஆள் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இ-சேவையில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

நான் படித்தது பர்கூர் அரசுக் கல்லூரியில். கட்டிடம் பளபளப்பாக இருக்காது, ஆனால் கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் சொற்பம். உங்களுக்குப் பக்கத்திலேயே போடி இருக்கிறது. 2012-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி. காரைக்குடி, திருநெல்வேலி அரசுக் கல்லூரிகளையும் கவுன்சலிங்கில் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் போடுங்கள். மதுரை, கோவையில் அரசு உதவி பெறும் கல்லூரிகளைப் போட்டால் பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு.

செல்வி_திண்டுக்கல்:
என் பையன் 2022-ல் கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். கல்விக் கட்டணம் 50,000 என்று நிம்மதியாகப் போனோம். அப்புறம் பஸ், 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்', யூனிஃபார்ம், அது இது என்று முதல் வருஷமே இன்னொரு 38,000 எடுத்துவிட்டார்கள். பஸ் வேண்டாம், டவுன் பஸ்ஸில் வருகிறான் என்றால் விடமாட்டோம் என்றார்கள்! சீட் உறுதி செய்வதற்கு முன் மூன்றாம் வருஷ மாணவன் ஒருவனைப் பிடித்து, போன வருஷம் மொத்தம் எவ்வளவு கட்டினான் என்று கேளுங்கள் அண்ணா. ஆபீஸில் கேட்காதீர்கள்.

பர்கூர்_டிரிபிள்ஈ:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. இன்னொன்று, பட்டியலில் உண்மையிலேயே பிடித்ததை மேலே போடுங்கள். 'நமக்கெங்கே கிடைக்கும்' என்று கீழே தள்ளிவிட்டால், மேலே இருப்பது கிடைத்த பிறகு கம்ப்யூட்டர் கீழே பார்க்காது.

தேனி_வெல்டிங்:
புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று இ-சேவையில் விண்ணப்பித்தாயிற்று. போடி முதலில் என்று அவள் அம்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாமாம். காரைக்குடி முதலில் என்று இவள், ஹாஸ்டலில் இருக்க வேண்டுமாம். எனக்கு இரண்டும் சரி. பட்டியலைப் போடப்போவது அவள்தானே.