மறு: கார் போர்ச் கூரை – ‘ஈவ்ஸ்’க்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

ஈசூன் அக்கா (சிங்கப்பூரில் அவரவர் வசிக்கும் பேட்டையின் பெயரால்தான் குழுவில் கூப்பிட்டுக்கொள்கிறோம்) கேட்டது:

> தரைவீட்டுக்காரர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கார் போர்ச்சுக்கு ஓடு போடும் பகுதியில் ‘ஈவ்ஸ்’ (சுவரைத் தாண்டி இறங்கும் கூரை ஓரம்) வரும் இடமெல்லாம் ‘தாழ்வாரம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

அகராதிப்படி சரி, அக்கா. வாரம் என்றால் சாய்வு. மலையடிவாரத்தில் இருக்கும் அதே வாரம்தான். தாழ இறங்கும் கூரைக்கு ஏற்பட்ட பெயர், அந்தக் கூரைக்கு அடியில் நடக்கிற இடத்துக்கும் ஆகிவிட்டது. இன்றைக்கு இங்கே தாழ்வாரம் என்றால் அடுக்குமாடி புளோக்கில் வீட்டு வாசலுக்கு முன்னால், சைக்கிளும் செருப்பு அலமாரியும் நிற்கிற நடை. ‘தாழ்வாரத்தை 50 மில்லிமீட்டர் நீட்டவும்’ என்று கையேட்டில் படிப்பவர் எதை நீட்டுவார்?

பொத்தோங் பாசிர் ஐயா ‘இறை’யை முன்வைக்கிறார். புறநானூற்று 129ஆம் பாட்டு ‘குறியிறைக் குரம்பை’ என்றுதான் தொடங்குகிறது. இறக்கம் குட்டையான கூரையுடைய குடிசை. பழமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதிலிருந்து மற்றச் சொற்களைக் கட்ட முடியாது, ஐயா. ஓட்டு வரிசைக்கு முன்னால் நிற்கும் பலகைக்கு ‘இறைப்பலகை’ என்று எழுதிப் பாருங்கள், பூசையறைச் சாமான் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும்.

என் ஓட்டு ‘இறவாணம்’. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அரிவாளை எரவாணத்தில் சொருகு, சீட்டை எரவாணத்தில் சொருகு என்று சொல்லியும் கேட்டும் வளர்ந்தவர்கள். சுவரைத் தாண்டி வெளியே வந்து இறங்கும் கூரைப் பகுதி, அதன் விளிம்பு, இரண்டும் அதில் அடக்கம். முன்பலகைக்கு இறவாணப் பலகை, சுவரிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதற்கு இறவாண நீட்டம். ‘இறவாரம்’ என்ற வடிவமும் உண்டு. எழுத்தில் எதை வைப்பது என்று புலவர்கள் சொல்லட்டும், எனக்கு இரண்டும் சம்மதம்.

இனி, அக்கா கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருந்த ‘டில்டிங் ஃபில்லெட்’. உண்மையான சிக்கல் இங்கேதான். இதற்குத் தமிழில் வழங்கும் சொல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. பொருள் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கைமரங்களின் மேல் குறுக்கே ரீப்பர் (ஓடு மாட்டும் மெல்லிய மரச்சட்டம்) அடிக்கிறோம். ஒவ்வொரு ஓட்டின் தலையும் ஒரு ரீப்பரில் மாட்டுகிறது. அதன் வால் கீழ் வரிசை ஓட்டின் முதுகில் உட்காருகிறது. ஆக எல்லா ஓடும் ஒரே கோணத்தில் படுக்கும், அடி வரிசையைத் தவிர. அதன் வாலுக்குக் கீழே உட்கார ஓடு கிடையாது. அப்படியே விட்டால் அந்த வரிசை மட்டும் மூக்கைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அதற்கும் இரண்டாம் வரிசைக்கும் இடையில் பூட்டுவாய் சரியாகப் பொருந்தாமல் வாய் பிளந்து நிற்கும். விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ரா சூறைக்காற்று வந்து மழையைக் கிடைமட்டமாக அடிக்கும்போது தண்ணீர் நுழைவது அந்தப் பிளவில்தான். மழை இல்லாத நாளில் மைனா நுழைந்து கூடு கட்டும்.

இதைத் தடுக்கத்தான் கூரையின் ஓரத்தில் ஓட்டுக் கனத்துக்கு ஈடாக ஒரு கட்டையைக் கூடுதலாக அடிக்கிறார்கள். சில இடங்களில் இறவாணப் பலகையையே அந்த அளவுக்கு மேலே தூக்கி நிறுத்திவிடுவதும் உண்டு. கீழே இல்லாத ஓட்டின் வேலையை அந்தக் கட்டை பார்க்கிறது.

அக்கா தற்காலிகமாகப் போட்டிருப்பது ‘சாய்வுக் கட்டை’. அது நேர் எதிர்ப் பொருளைத் தருகிறது. சாய்வைக் கொடுப்பது கைமரம். இந்தக் கட்டை, ஓடு அளவுக்கு மீறிச் சாயாமல் பிடிக்கிறது. ‘தூக்குக் கட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கொத்தனாருக்குத் தூக்கு என்றால் தூக்குக்குண்டு, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே குழப்பம். நான் சொல்வது ‘ஏந்து கட்டை’. அடி வரிசையை ஏந்துகிறது, அவ்வளவுதான். ‘ஏந்து பட்டி’ என்றாலும் சரியே, ஆனால் கட்டை என்றால் மரம் என்று கடைக்காரருக்கும் புரியும்.

அடி வரிசைக்கு ‘தொடக்க அடுக்கு’ வேண்டாம். செங்கல்லோ ஓடோ, வரிசையை ‘வரி’ என்று சொல்லிப் பழக்கம். முதல் வரி, இரண்டாம் வரி போதும்.

மழைநீர் விழும் தகரத்துக்கு ‘பீலி’. யாழ்ப்பாணத்து வீடுகளில் அதுதான் பேச்சு, இங்கும் அந்தக் குடும்பங்களில் கேட்கலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பீலி என்றதும் மயில்தோகையும் 475ஆம் குறளும் நினைவுக்கு வரும். வரட்டுமே. ‘மழைநீர் வடிகுழாய்த் தொட்டி’ என்று மூன்று சொல் எழுதுவதற்கு இது எவ்வளவோ தேவலை. பீலி வைத்தால் முதல் வரி ஓடு பலகையைத் தாண்டி ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் நீள வேண்டும், தண்ணீர் பலகையில் வழியாமல் பீலிக்குள் விழ. கூடவே ஏடிஸ் கொசு எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கக் கூடாது, மாதம் ஒருமுறை பிடிஐ என்னும் கொசுப்புழு மருந்து போட வேண்டும் என்பது தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுதோறும் சொல்லிவருவதுதான். பீலி வைக்காதவர்கள் இறவாண நீட்டத்தைக் கூட்டி, தண்ணீர் நேரே லோங்காங்கில், அதாவது வடிகாலில், விழும்படி பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் நீட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது.

இதெல்லாம் நடப்பில் வருமா என்று கேட்பவர்களுக்கு: ‘அஞ்சடி’ வரவில்லையா? 1822இல் ராஃபிள்ஸ் தெருவோர வீடுகளுக்கு முன்னால் தொடர்ந்து கூரை போட்ட நடை விடச் சொன்னார். நம் ஆட்கள் குழு போட்டா அதற்குப் பெயர் வைத்தார்கள்? அகலத்தைப் பார்த்தார்கள், அஞ்சடி என்றார்கள். சிராங்கூன் சாலையில் இன்றும் அஞ்சடிதான்.

அன்புடன்,
புக்கிட் பாத்தோக்கிலிருந்து

———

மறு: மறு: கார் போர்ச் கூரை

அண்ணே, எரவாணம் சூப்பர். எங்க சைட்ல புதுக்கோட்டை, சிவகங்கை ஆளுங்கதான் நிறைய. இன்னைக்கு டீ நேரத்துல கேட்டேன், ஒருத்தன்கூட முழிக்கல. பீலிக்கு மட்டும் முழிச்சாங்க.

அந்தக் கட்டைக்கு நாங்க பேரே வெச்சதில்ல. “மொத ரீப்பரு டபுள்”னு கத்துவோம், முடிஞ்சுது. ஆனா அதுல ஒரு வம்பு இருக்கு. புதுசா வர்றவன் முதல் ரீப்பர் மேலேயே இன்னொரு ரீப்பர் அடிச்சிடுவான். ஓட்டோட தலை மாட்டுற இடம் அது. தலை தூக்கிக்கிட்டு வால் இன்னும் தொங்கிடும். கட்டை வர வேண்டியது வால் பக்கம், ஓரத்துல. அதனால தனிப் பேர் இருந்தா நல்லதுதான். ஏந்து கட்டைன்னு சொன்னா எங்க அடிக்கணும்னு அவனே யோசிப்பான்.

அக்கா, ஓரத்து ஓடு ஒவ்வொண்ணுக்கும் ஸ்குரூ போடணும்னு கையேட்டுல கண்டிப்பா எழுதுங்க. காத்து தூக்குறது ஓரத்தைத்தான், நடுவுல இல்ல. அப்புறம் மூணு மீட்டருக்கு மேல விழுற உயரம்னா பெர்மிட் இல்லாம யாரையும் ஏத்தக் கூடாது. வீட்டுக்காரங்க “சின்ன வேலைதானே, ஏறுப்பா”ம்பாங்க.

தெம்பனிஸ்

———

மறு: மறு: மறு: கார் போர்ச் கூரை

இருவருக்கும் நன்றி. இறவாணம், இறவாணப் பலகை, இறவாண நீட்டம், ஏந்து கட்டை, முதல் வரி ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஏந்து கட்டைக்குத் தம்பி சொன்ன தலை–வால் விவரத்தோடு ஒரு படமும் போடச் சொல்லியிருக்கிறேன்.

பீலியை முதல் இடத்தில் ‘பீலி என்னும் மழைநீர்த் தகரம்’ என்று எழுதிவிட்டு, பிறகு பீலி என்றே விட்டுவிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. இறவாணத்துக்கு அடியில், அண்ணாந்து பார்த்தால் தெரியும் முகத்தைப் பலகை வைத்து மூடுகிறார்களே, ‘சாஃபிட்’. ‘இறவாண அடிப்பலகை’ என்று எழுதினேன். இறவாணப் பலகையோடு குழம்பும் என்று அச்சகத்தில் பிழை பார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.

ஈசூன்