எங்கள் வீட்டுப் பூதம்

*சனிக்கிழமை*

நான்: (புகைப்படம்) பேய் வீட்டில் ஆட்களைப் பயமுறுத்த நான் போடப்போகிற பூத வேஷத்துக்குத் தலை முடிந்தது. பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தி: ஐயோ அந்தப் பல்! எதில் செய்தாய்?

நான்: சின்னச் சின்ன மணியாக வருகிற ஒரு பிளாஸ்டிக் சித்தி. 60 டிகிரி வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும், கையாலேயே உருட்டலாம், ஆறினால் கல். பிடிக்கவில்லை என்றால் மறுபடி வெந்நீர். நாலு தடவை உருட்டினேன்.

மாமா: வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் வைத்துவிடாதே மாப்பிள்ளை. பல் செட் தொங்கிப் போகும். ஹாட் குளூவில் எதையாவது ஒட்டியிருந்தால் அதுவும் கையோடு வந்துவிடும்.

அம்மா: வீடு முழுக்க ஒரே நாற்றம். இரண்டு நாளாக எனக்குத் தலைவலி, அதை யாராவது கேட்டீர்களா

நான்: அது ரப்பர் பால் அம்மா, முகத்துத் தோலுக்குப் பூசினேன். அமோனியா வாடை, காய்ந்தால் போய்விடும்.

அக்கா: அமோனியா போகும். ஃபோம் ஒட்டினாயே அந்தப் பசை? அதில் பெரும்பாலும் டொலுயீன் என்கிற கரைப்பான் இருக்கும், தலைவலி அதில்தான். நீ போட்டிருக்கிற துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று கரி வடிகட்டி வைத்த மாஸ்க் தனியாக இருக்கிறது. அது இல்லாமல் அந்தப் பசை டப்பாவைத் திறக்காதே, திறப்பதென்றாலும் வெளியே போய்த் திற, பக்கத்தில் அடுப்போ நெருப்போ இருக்கக்கூடாது.

நான்: சரி சரி

அக்கா: அப்புறம் நெற்றியில் ஓரம் பிரிந்து நிற்கிறது. ஈரமாக இருக்கும்போதே அழுத்தினாய்தானே?

நான்: எப்படித் தெரிந்தது

அக்கா: இரண்டு பக்கமும் பூசிவிட்டு சும்மா இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆகட்டும். விரலால் தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருந்தும் விரலில் வரக்கூடாது, அப்போது சேர்த்து அழுத்தினால் அதற்கப்புறம் நீயே பிரிக்க முடியாது. பேய் வீட்டில் வேலை செய்த முதல் வருடம் நானும் உன்னை மாதிரிதான், மூன்றாவது நாள் பேய் வீட்டுக்குள்ளேயே ஒரு கொம்பு கழன்று ஒரு அம்மாவின் கைப்பைக்குள் விழுந்தது.

சித்தி: 😂😂 திருப்பிக் கொடுத்தார்களா?

அக்கா: அவர் கத்தினதில் பையையே போட்டுவிட்டு ஓடிவிட்டார். பையைத்தான் நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அக்கா: சரி தம்பி, பூதத்தின் கண் எரிகிறதே, எல்இடியா? அதைப் போட்டுக்கொண்டு உனக்கு வெளியே தெரிகிறதா?

நான்: பகலில் நன்றாகத் தெரிந்தது. வாய்க்குள் கறுப்பு வலைத்துணி வைத்திருக்கிறேன், அது வழியாகத்தான் பார்க்கிறேன்.

அக்கா: பகலில் எல்லோருக்கும்தான் தெரியும். ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை எரியவிட்டு நட.

நான்: அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அக்கா

*இரவு 10:40*

அம்மா: யார் அது அலமாரியில் மோதியது

அம்மா: கண்ணாடி உடைந்ததா

நான்: நான்தான். எதுவும் உடையவில்லை.

அக்கா: 😌

நான்: ஒன்றுமே தெரியவில்லை அக்கா. வலைத்துணி முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி பளபளக்கிறது.

அக்கா: ஜன்னல் கொசுவலையை நினைத்துப் பார். பகலில் வீட்டுக்குள் இருந்து பார்த்தால் தெரு தெரியும், தெருவில் இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. ராத்திரி வீட்டுக்குள் விளக்கைப் போட்டால் எல்லாம் தலைகீழ். இருட்டில் இருப்பவனுக்குத்தான் வெளிச்சத்தில் இருப்பது தெரியும். பேய் வீடு ஏற்கெனவே இருட்டு, நீ உன் தலைக்குள் விளக்கை ஏற்றி வைத்திருக்கிறாய். எல்இடியின் பின்பக்கத்தைக் கறுப்பு ஃபோம் வைத்து மூடு, ஓரமெல்லாம் டேப், தலையின் உள்பக்கம் முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட். ஒரு ஊசிமுனை வெளிச்சம்கூட உன் பக்கம் வரக்கூடாது.

நான்: கண் இன்னொரு தொல்லையும் கொடுக்கிறது. எரிந்துகொண்டே இருக்கிறது, அரை நிமிடம் ஒரு நிமிடம், அப்புறம் தானே அணைந்துவிடுகிறது. ஒயர் எல்லாம் சரியாக இருக்கிறது.

மாமா: பவர் பேங்கா?

நான்: ஆமாம் மாமா

மாமா: அதுதான். இரண்டு எல்இடி இழுக்கிற மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். ஃபோன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது தானே நின்றுவிடும். எப்படியும் தலைக்குள் ஒரு சின்ன ஃபேன் வைக்கத்தானே வேண்டும், அதையும் அதிலேயே மாட்டு, விழித்துக்கொண்டிருக்கும். மின்சாரத்தை மட்டுப்படுத்த ரெசிஸ்டர் போட்டாயா?

நான்: …

மாமா: 5 வோல்ட்டை நேரே கொடுத்தாயா! சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும். ஒவ்வொன்றுக்கும் 150 ஓம் ஒன்று போடு. ஃபேனை முகத்துக்கு நேரே வைக்காதே, உச்சந்தலையில் வைத்து வெளியே தள்ளுகிற மாதிரி திருப்பு. சூடான காற்று மேலே போகும், வாய் வழியாகப் புதுக் காற்று தானாக உள்ளே வரும்.

*ஞாயிற்றுக்கிழமை*

நான்: (புகைப்படம்) உடம்பு. உயரம் 2 மீட்டருக்கு மேல் வந்துவிட்டது, தலையை உயர்த்தி வைத்திருக்கிறேன், என் கண் அதன் வாய்க்கு நேரே வருகிறது.

சித்தி: அளவு எப்படி எடுத்தாய்? இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே.

நான்: அம்மாதான் உதவி. நான் பழைய பனியன் போட்டு நிற்க, அதன் மேல் கிளிங் ஃபிலிம் (சாப்பாட்டை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, அதன் மேல் டக்ட் டேப் ஒட்டி, பேனாவால் தையல் கோடு வரைந்து, கோட்டோடு வெட்டித் தட்டையாக விரித்தால் அதுதான் பேட்டர்ன், துணி வெட்டுவதற்கு அளவு.

அம்மா: மம்மி மாதிரி நின்றான். வெட்டும்போது பனியனோடு தோலையும் வெட்டிவிடுவேனோ என்று எனக்குக் கை நடுங்கியது.

சித்தி: ரோமத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினாயா? ஓரமெல்லாம் கிராப்பு வெட்டின மாதிரி இருக்கிறது. திருப்பிப் போட்டு, பிளேடால் பின்துணியை மட்டும் கீறணும்டா கண்ணா. ரோமத்தைத் தொடவே கூடாது. அப்புறம் எல்லாத் துண்டிலும் ரோமம் கீழ்நோக்கிப் படுகிற மாதிரி பார்த்துக்கொள், இடது கை மேல்நோக்கி நிற்கிறது.

நான்: அது ஸ்டைல் என்று நினைத்தேன்

சித்தி: இல்லை.

அக்கா: தலை எவ்வளவு எடை?

நான்: இரண்டரை கிலோ. தோளில் வார் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அக்கா: தோளில் மட்டும் மாட்டினால் மூன்றாம் நாள் கையைத் தூக்க மாட்டாய். மலையேறுகிறவர்கள் தூக்குகிற பை இருக்கிறதே, உள்ளே சட்டம், இடுப்பில் அகலமான பெல்ட், அந்தப் பையின் சட்டத்தை எடுத்து அதில் தலையைப் பொருத்து. எடை இடுப்புக்கு இறங்கணும். நீ ஒரு தடவை வேஷம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, ஒரு ராத்திரிக்கு இருநூறு தடவை குனிந்து நிமிரப் போகிறாய்.

அம்மா: இதைப் போட்டுக்கொண்டு மயக்கம் வந்தால்? எத்தனை நேரத்தில் கழற்றுவாய்?

நான்: உடனே கழற்றலாம் அம்மா.

அம்மா: இப்போது கழற்று. நான் மணி பார்க்கிறேன்.

அம்மா: 1 நிமிடம் 50 வினாடி. அதுவும் ஜிப்பை நான்தான் இழுத்தேன்.

அம்மா: இது பத்து வினாடியில் வரவில்லை என்றால் வாசலைத் தாண்டாது. நீயும்தான்.

நான்: அம்மா பேய் வீட்டில் எல்லோரும் இப்படித்தான்

அக்கா: அம்மா சொல்வதுதான் சரி, நான் வேலை செய்த இடத்திலும் இதே சோதனை வைத்தார்கள். 1984-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பேய் மாளிகை எரிந்தது, பார்க்க வந்த 8 பேர் செத்தார்கள், எல்லோரும் பதின்வயதுப் பிள்ளைகள். அங்கே சுவரில் இருந்ததும் நீ திணித்திருக்கிற மாதிரி பாலியூரித்தேன் ஃபோம்தான். அது பிடித்தால் சரசரவென்று பரவும், புகையே விஷம். அதற்கப்புறம்தான் அங்கே இந்த மாதிரி இடங்களுக்குத் தீ விதிகள் கடுமையாயின.

மாமா: ரோமத்தில் ஒரு துணுக்கை வெளியே எடுத்துப் போய் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். வெறும் அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். மோடாக்ரிலிக் என்றால் நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

நான்: சொட்டுகிறது 😔

சித்தி: பரவாயில்லை, வெளித்தோலை மட்டும்தானே மாற்றணும். நல்ல துணி கிடைத்ததும் கொடு, நான் தைக்கிறேன். ஜிப்பைத் தூக்கிப் போடு, முன்பக்கம் நெஞ்சு ரோமத்துக்கு அடியில் வெல்க்ரோ வைக்கிறேன், ஒரே இழுப்பு. உள்ளே லைனிங்கைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி தைத்துவிடலாம், தினமும் துவைக்கணும், இல்லாவிட்டால் உன் பக்கத்தில் நிற்கிற பேய்கூட ஓடிவிடும்.

*அடுத்த சனிக்கிழமை*

அம்மா: 8 வினாடி. போகலாம்.

நான்: 🙏 அக்கா, காயமெல்லாம் பார். நெஞ்சு கிழிந்து ரத்தம், மூன்று வகைச் சிவப்பு, ஒரு வாரம் உட்கார்ந்து பூசினேன்.

அக்கா: அழகாக இருக்கிறது. உன் அறையில் என்ன நிற விளக்கு?

நான்: சிவப்பு

அக்கா: டார்ச்சில் சிவப்புத் தாளைக் கட்டி அடித்துப் பார்.

நான்: (புகைப்படம்)

நான்: ரத்தம் எங்கே போனது???

அக்கா: சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வருத்தப்படாதே, எல்லோரும் ஒரு தடவை இதில் மாட்டுவோம். கரும்பச்சை எடுத்து காயத்துக்குள் பூசு, அந்த விளக்கில் அது கன்னங்கறுப்பாகத் தெரியும். மேட்டுப்பகுதியில் மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் வெளிர்நிறம் இழு. ரப்பர் பால் தோல் மேல் பூசுவதென்றால் பெயிண்ட்டில் கொஞ்சம் ரப்பர் பாலையே கலந்துகொள், வெறும் அக்ரிலிக் பெயிண்ட் நீ வாயைத் திறந்ததும் பாளம் பாளமாக உதிரும்.

சித்தி: பச்சை ரத்தம்! பகலில் யாரும் பார்க்காமல் இருந்தால் சரி.

*இரவு 8:15*

நான்: முழு வேஷமும் போட்டேன். அக்காவின் பாப்பா முன்னால் போய் நின்றேன்.

மாமா: அழுதாளா?

அக்கா: அழவில்லை. "மாமா, ஏன் போர்வை போட்டிருக்கீங்க" என்று கேட்டாள்.

நான்: முகம் தெரியவே இல்லை, எப்படி என்னைக் கண்டுபிடித்தாள்?

அக்கா: நடையை வைத்து. குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாயே, இந்த உலகத்தில் அப்படி நடப்பது நீயும் தாத்தாவும்தான். வேஷம் மேலே பூதம், கீழே அசல் நீ. முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்து, ஒவ்வொரு அடியும் எடை இறங்கின பிறகுதான் அடுத்த கால் எழும்பணும். முக்கியமாக நில். ஆள் உன்னைப் பொம்மை என்று முடிவு செய்கிறவரை அசையாதே, அப்புறம் தலையை மட்டும் திருப்பு. பாய்வதென்றால் பின்னாலிருந்து பாய், முன்னால் போய் மறித்தால் கூட்டம் திரும்பி ஓடி, பின்னால் வருகிறவர்கள் மேல் விழும். யாரையும் தொடாதே. கைக்கு எட்டாத தூரத்தில் நில், பயத்தில் குத்துகிறவர்களும் உண்டு.

நான்: சரி, கொஞ்சம் பழகிவிட்டு வருகிறேன்

*இரவு 9:50*

அம்மா: மாடிப்படியில் விளக்கை அணைத்தது யார்

அம்மா: டேய்

அம்மா: அது நீதானே?

சித்தி: என்ன ஆயிற்று அங்கே?

அக்கா: பாப்பா என் கழுத்தை விடமாட்டேன் என்கிறாள். அம்மா அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

நான்: 8 வினாடியில் கழற்றிவிட்டேன் அம்மா, கதவைத் திறங்கள், நான்தான்