நாசிம் ஹிக்மத்தின் நாடகம் தேடுகிறேன்

துருக்கிக் கவிஞர் நாசிம் ஹிக்மத்தின் ‘ஃபர்ஹாத்–ஷிரின்’ நாடகத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். 1938-இல் 28 ஆண்டுத் தண்டனை பெற்றவர், 1948-இல் புர்சா சிறையில் இருந்தபடி எழுதியது. காதலிக்காக மலையைக் குடையத் தொடங்குபவன், கடைசியில் ஊருக்குத் தண்ணீர் வரவேண்டும் என்பதற்காகவே குடைகிறான். சிறைக்குள்ளிருந்து இப்படி எழுத முடிந்ததே என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

மூன்று மாதமாகத் தேடுகிறேன். இரண்டு நூலகங்கள், பழைய புத்தகக் கடைகள் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டேன். கவிதைத் தொகுப்புகள் மட்டுமே கிடைத்தன. இணையத்தில், இதை வைத்து 1961-இல் லெனின்கிராடில் அரங்கேறிய பாலே கிடைத்தது. ஆரிஃப் மெலிகோவின் இசை அருமை, ஆனால் வசனம் கிடையாது. துருக்கி மூலத்தைச் செயலியில் போட்டால் கவிதை செத்துவிடுகிறது. அடுத்த மாதம் எங்கள் வாசிப்பு நிகழ்வு.

தமிழிலோ ஆங்கிலத்திலோ இந்நாடகத்தின் முழு மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா?