வீடுவாரி இணைய வரைபடம் முதலில் வேண்டுமா, வடம் முதலில் வேண்டுமா?

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் வாழும் நால்வர் பேசுகிறார்கள்; ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்.)

சுங்கை பாக்காப் ஆசிரியை:
பினாங்கு மாநிலம் அடுத்த இணையத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் முன்பு, எந்த வீட்டில் இணையம் உண்டு, எந்த வீட்டில் இல்லை என்று வீடுவாரியாக ஒரு வரைபடம் எடுக்க வேண்டும் என்கிறேன். 2020-இல் தொடங்கிய ஜென்டெலா எனும் மலேசிய அரசின் இணைய விரிவாக்கத் திட்டம், 2022 இறுதிக்குள் மக்கள் வசிக்கும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி சேவை என்று இலக்கு வைத்தது. இலக்கில் குறையில்லை. ஆனால் பகுதி வேறு, வீடு வேறு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தார்கள். முன் வரிசை வீடுகளில் கைப்பேசியில் பாடம் ஓடியது. பின் வரிசையில் ஓடவில்லை. அந்தப் பிள்ளைகள் பெரிய சாலைவரை நடந்து வந்து, பாலத்துத் திண்டில் உட்கார்ந்து பணித்தாள்களை இறக்கிக்கொண்டார்கள். சேவை வரைபடத்தில் அந்தத் தோட்டம் முழுவதும் ஒரே நிறம்.

தண்ணீர்மலை:
ஆசிரியை அவர்களே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. வழிதான் தவறு. நான் முப்பது ஆண்டுகள் தொலைபேசி வடம் இழுத்தவன். பினாங்கு, சரவாக் போலப் பெரிய மாநிலம் அல்ல. தீவும், பெருநிலப் பகுதியான செபராங் பிறையும் சேர்ந்தே 1,049 சதுர கிலோமீட்டர்தான். குறை எங்கே என்று கம்பத்து (கிராமத்து)த் தலைவரைக் கேட்டால் ஒரே மாலையில் சொல்லிவிடுவார். அமெரிக்காவைப் பாருங்கள். 2021 நவம்பரில் இணைய வசதிக்கென்று 42.45 பில்லியன் டாலரைச் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். வரைபடம், அதன்மீது ஆட்சேபம், மாநிலவாரித் திட்டம், ஒப்புதல் என்றே காலம் போனது. 2024 முடியும்போது அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்குக்கூட இணைப்பு போய்ச் சேரவில்லை. ஒரு பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றையும் முடிக்கும் காலம் அது. அத்தனை நாள் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

பாலிக் புலாவ் வரைவாளர்:
ஐயா, கதையின் முன்பாதியை விட்டுவிட்டீர்கள். அங்கே அவ்வளவு தாமதமானதற்கு ஒரு காரணம், பழைய வரைபடம் பொய்யாக இருந்ததுதான். ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தாலும், தொகுதி முழுவதும் சேவை பெற்றதாக எழுதிக்கொண்டார்கள். கிராமப்புறத்தில் ஒரு தொகுதி பல சதுர மைல் பரந்திருக்கும். பக்கத்துப் பண்ணையில் இணைப்பு இருந்த குற்றத்துக்கு, இல்லாத வீட்டுக்கு உதவி மறுக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலம் பொறுக்காமல் 2020-இல் முகவரிவாரியாகச் சொந்த வரைபடம் போட்டது. நாடு முழுமைக்கும் அப்படியொரு வரைபடம் வர 2022 நவம்பர் ஆனது.

எங்கள் ஊரின் பெயரே தீவின் பின்புறம் என்று பொருள்படும். நடுவில் நிற்கும் மலைத்தொடர் 833 மீட்டர்வரை உயர்கிறது. கோபுரத்தின் உயரத்தையும் அலையின் வலிமையையும் கணினியில் இட்டுத்தான் சேவை வரைபடங்களில் நிறம் தீட்டுகிறார்கள். மலைச்சரிவில் ஒரு வளைவு திரும்பினால் அந்தக் கணக்கு தப்பிப்போகிறது. வண்டியில் கருவியோடு போய் அளந்தவர்களுக்கு இது தெரியும்.

பாகான் டாலாம்:
தோட்டத்தையும் மலையையும் மட்டும் பேசாதீர்கள். எங்கள் அடுக்குமாடி பட்டர்வொர்த்தில், நகருக்குள்ளேயே இருக்கிறது. ஃபைபர் வடம் கீழே வாசல்வரை வந்துவிட்டது. ஏழாம் மாடிக்கு ஏறவில்லை. கேட்டால் போர்ட் (பெட்டியில் உள்ள இணைப்பு வாய்) நிரம்பிவிட்டது என்கிறார்கள். இணைப்பு கிடைத்தும் மாதக் கட்டணம் கட்ட முடியாமல் நிறுத்திவிட்ட வீடு உங்கள் வரைபடத்தில் எந்த நிறத்தில் வரும்?

தண்ணீர்மலை:
போர்ட் விஷயம் உண்மை. தெருவை வடம் கடந்து போவது வேறு, வீட்டுக்குள் நுழைவது வேறு. பெட்டியில் எட்டு வாய் இருந்தால் ஒன்பதாம் வீடு காத்திருக்க வேண்டியதுதான். இதை மறுக்கமாட்டேன்.

ஆனால் ஆசிரியை சொன்ன லயத்துக்கு வருகிறேன். தோட்ட நிலம் தனியாருடையது. நிர்வாகம் சம்மதிக்காமல் ஒரு கம்பம்கூட நட முடியாது. குடியிருப்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரரும் அல்ல, அவர் கையெழுத்துச் செல்லாது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் அந்த அனுமதி வந்துவிடுமா?

சுங்கை பாக்காப் ஆசிரியை:
வந்துவிடாது. ஆனால் புள்ளியே இல்லாத வீட்டுக்காக யாரும் நிர்வாகத்தின் கதவைத் தட்டவும் மாட்டார்கள். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைச் சேவை குறைந்த இடங்களுக்கான நிதியில் செலுத்துகின்றன. அந்த நிதியைக் கேட்க வேண்டுமானால் சேவை குறைவு என்று காட்ட வேண்டும். நான் எதைக் காட்டுவது? பாலத்தில் உட்கார்ந்த பிள்ளைகளையா? கம்பத்துத் தலைவரைக் கேட்கலாம் என்றீர்கள். லயத்துக்குத் தலைவர் யார், ஐயா?

தண்ணீர்மலை:
அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பாகான் டாலாம்:
2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் இங்கே வந்துவிட்டதே, துணைக்கோளே போதாதா என்று சிலர் கேட்பார்கள். தோட்டத் தொழிலாளி வீட்டுக்கு அந்தக் கருவி வாங்குவதே பாரம். அதை நம்பி வடத்தைக் கைவிடக் கூடாது.

தண்ணீர்மலை:
சரி, என் நிலையைச் சொல்கிறேன். தெரிந்த இடங்களில் குழி வெட்டும் வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது. கணக்கெடுப்பு அதன் கூடவே நடக்கட்டும், மூன்று மாதத்துக்குள். அதற்குமேல் நீண்டால் மீண்டும் எதிர்ப்பேன். செபராங் பிறை தெற்கில் பழைய கம்பங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று எனக்கு நினைவிருக்கிறது; குறித்துத் தருகிறேன்.

சுங்கை பாக்காப் ஆசிரியை:
நன்றி ஐயா. சனிக்கிழமை பெற்றோர் இருவரோடு லயத்துக்குப் போகிறேன். அங்கே பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. எப்படிக் குறிப்பது?

பாலிக் புலாவ் வரைவாளர்:
வாசலில் நின்று கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை வேகத்தை அளந்து, நேரத்தையும் எழுதுங்கள். இரவு எட்டு மணிக்கு வரும் வேகமும் காலை பத்து மணிக்கு வரும் வேகமும் ஒன்றல்ல. லயத்தின் எந்த முனையிலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அடுத்து வருபவர் பின் வரிசையை முன் வரிசை என்று எழுதிவிடுவார்.