புஷ் போல் (push poll): தமிழில் என்ன சொல்வது? (திங்களுக்குள் வேண்டும்)

அனுப்பியவர்: கயல்விழி

குழுமத்தாருக்கு வணக்கம்.

தேர்தல் பரப்புரையில் தொலைபேசியின் பங்கு பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை ஒப்படைக்க வேண்டும். கருத்துக் கணிப்பு, மாதிரி, பிழை வரம்பு என்று ஓரளவு ஓட்டிவிட்டேன். புஷ் போலில் வந்து நிற்கிறேன்.

விஷயம் இதுதான். போன் வருகிறது. "ஒரு சின்ன ஆய்வு, ஒரே கேள்வி" என்கிறார்கள். "இந்த வேட்பாளர் பொதுப்பணத்தைக் கையாடியது தெரிய வந்தால் அவருக்கு வாக்களிப்பீர்களா?" கையாடினார் என்று யாரும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார்கள். பதிலைக் குறித்துக்கொள்வதும் இல்லை. காதில் சேதி விழுந்தாயிற்று, வேலை முடிந்தது.

இப்போதைக்குத் 'தள்ளுக் கணிப்பு' என்று போட்டிருக்கிறேன். படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உதவுங்கள்.

அனுப்பியவர்: செழியன்

கயல், முதலில் அந்த 'க்' ஒற்றை எடுத்துவிடுங்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுகாடு, ஊறுகாய் போலத் தள்ளுகணிப்பு. ஒற்றை எடுத்தபின் சொல்லையும் எடுத்துவிடலாம்; தள்ளுபடி விற்பனை அறிவிப்பு போல இருக்கிறது.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. உண்மையான கருத்துக் கணிப்பு கேட்பது அறியாவினா. வாக்குப்பதிவு நாளில் தொண்டர்கள் போன் போட்டு "கிளம்பிவிட்டீர்களா?" என்பது ஏவல்வினா. உங்கள் வகையைக் கொடைவினாவில் வேண்டுமானால் வம்புக்கு அடக்கலாம். "மாணவர்க்கு உடை இல்லையோ?" என்பவர் உடையைக் கொடுக்கக் கேட்கிறார், இவர் பழியைக் கொடுக்கக் கேட்கிறார்.

ஏழாவதாகத் 'தூற்றுவினா' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

அனுப்பியவர்: பூங்கோதை

ஐயா, இவ்வளவு சுற்ற வேண்டுமா? கருத்துத் திணிப்பு. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எதுகையும் உட்கார்ந்திருக்கிறது.

அனுப்பியவர்: நசீர்

மக்கள் வாயில் இருப்பதுதான் சிக்கல் பூங்கோதை. தோற்பீர்கள் என்று எந்தக் கணிப்பு சொன்னாலும் அந்தக் கட்சிக்காரர் "இது கருத்துக் கணிப்பல்ல, கருத்துத் திணிப்பு" என்றுதான் பேட்டி கொடுப்பார். நேர்மையான ஆய்வைத் திட்டுவதற்கென்றே அந்தச் சொல் பட்டா போட்டுக்கொடுக்கப்பட்டுவிட்டது.

தொலைபேசி ஆய்வு மையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கட்சிகள் எடுக்கும் நியாயமான ஆய்விலும் எதிர்மறைக் கேள்வி வரும். எந்தக் குற்றச்சாட்டு எடுபடும், நம்மேல் எறியப்படுவதில் எது வலிக்கும் என்று பார்க்கத்தானே கட்சி பணம் கொடுக்கிறது? மெசேஜ் டெஸ்டிங் என்போம். கேள்வியை மட்டும் கேட்டால் அதுவும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும். மற்றதைப் பாருங்கள். ஆய்வென்றால் சில நூறு பேர், மிஞ்சினால் ஆயிரம் சொச்சம். ஆயிரம் பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பிழை வரம்பு, அதாவது முடிவு கூடவோ குறையவோ தவறக்கூடிய அளவு, ஏறக்குறைய 3 விழுக்காட்டுப் புள்ளிக்கு வந்துவிடும். அதைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேண்டும், அதற்குக் கட்சிக்கு மனசு வராது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். கடைசியில் வயது, படிப்பு, தொழில் கேட்போம். முதியவர்கள் அதிகமாக எடுத்திருந்தால் கணக்கில் சரிசெய்ய வேண்டுமே. புஷ் போலில் அழைப்பு ஆயிரக்கணக்கில் போகும், ஒரு நிமிடத்தில் முடியும், வயதை யாரும் கேட்க மாட்டார்கள். எதற்குக் கேட்க வேண்டும்?

அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கமும் இந்த அடையாளங்களைச் சொல்லி, இது ஆய்வே அல்ல, ஆய்வு வேடம் போட்ட பரப்புரை என்கிறது. ஆகவே நம் சொல்லில் 'கணிப்பு' வரக் கூடாது. 'தூற்றல் அழைப்பு' என்றால் போதும்.

செழியன் ஐயாவின் ஏவல்வினாவுக்கு ஒரு பின்குறிப்பு. வாக்களிக்கக் கிளப்பிவிடும் அழைப்பு பலிக்குமா என்று 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் அரசியல் அறிவியலாளர்கள் ஆலன் கெர்பரும் டொனால்டு கிரீனும் சோதித்தார்கள். நேரில் போய்க் கதவைத் தட்டியது வாக்குப்பதிவைக் கூட்டியது; கூலிக்கு அமர்த்திய அழைப்பு மையத்தின் போனுக்குப் பலன் தெரியவில்லை. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் குரல் எந்த வினாவைக் கேட்டாலும் எடுபடாது போலும்.

அனுப்பியவர்: அருள்

'கணிப்பு' என்பதே தகுமா என்று யாரும் கேட்கவில்லை. கணி என்றால் சோதிடம் சொல்பவன். கணியன் பூங்குன்றனின் கணியன் அவன்தான். வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர். அது பூத்தால் தினை கொய்யும் காலம் வந்தது என்று குறவர் அறிவார்கள். ஆய்வாளர்களோ "இன்றைய நிலையைத்தான் சொல்கிறோம், நாளை நடப்பதை அல்ல" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நாம் பெயரிலேயே சோதிடத்தை வைத்துவிட்டு, பலிக்கவில்லை என்று அவர்களைத் திட்டுகிறோம். கணி என்பது கண், காண் வழி வந்ததா, வடமொழியின் எண்ணல் பொருளிலிருந்து வந்ததா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன். எட்டுப் பக்கம் ஆகிவிட்டது.

சரி, கயலுக்கு. சங்க அகப்பாடல்களில் ஊர்ப்பேச்சு இரண்டு வகை. வாய்விட்டுப் பேசாமல் முணுமுணுப்பது அம்பல். வெளிப்படையாகப் பேசுவது அலர். ஒன்று மொட்டு, மற்றது மலர். புஷ் போல் செய்வது என்ன? எதையும் சொல்வதில்லை, "அப்படி இருந்தால்?" என்று மொட்டாக விடுகிறது. மலர்த்துவது கேட்டவர் பொறுப்பு. 2000-இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், அதிபர் வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்ட ஜான் மெக்கெய்னுக்கு எதிராக இப்படி அழைப்புகள் போனதாக இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா, அது அலர். அழைப்பு அம்பல்.

'அம்பல் வினா'. இதைவிடப் பொருத்தமாக உலகில் எந்த மொழியிலும் சொல் கிடையாது.

அனுப்பியவர்: பூங்கோதை

அழகுதான் அருள். ஆனால் கையேட்டைப் படிக்கப் போவது கட்சி அலுவலகத்தில் போன் பிடிக்கும் தொண்டர். அம்பல் என்றதும் அவருக்கு அம்பலம் நினைவுக்கு வரும். 'அம்பல் வினா' என்றால் உண்மையை அம்பலப்படுத்தும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, உற்சாகமாக நாலு போன் கூடுதலாகப் போடுவார்.

அனுப்பியவர்: செழியன்

அகத்தில் அலர் கெட்டதும் அல்ல. குறளில் தலைவன், அலர் எழுவதால்தான் என் உயிர் நிற்கிறது என்கிறான். காதலருக்கு உதவிய சொல்லின் தங்கையை ஏன் தேர்தல் சேற்றில் இறக்க வேண்டும்?

நசீர், உங்கள் 'தூற்றல் அழைப்பு' பொதுவாகிவிடுகிறது. பெயர் சொல்லாமல் போன் செய்து வைகிறவனுக்கும் அது பொருந்தும். வினா என்பது எங்கே?

அனுப்பியவர்: கயல்விழி

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. 'போலிக் கணிப்பு' என்றால்?

அனுப்பியவர்: நசீர்

வேண்டாம். யாரையும் கேட்காமலே அறைக்குள் உட்கார்ந்து எண்களை எழுதிவிடுகிறார்களே, அதற்கு அந்தச் சொல் வேண்டும்.

அப்புறம், நல்ல எண்ணத்தோடு எடுத்துத் தவறிய கணிப்பையும் இதனோடு சேர்த்துவிடுவார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரி எடுத்ததில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும். அன்று அவை வசதியானவர் பட்டியல். பதில் போட்டவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். தவறுதான், போலி அல்ல. இன்று போன் எல்லோரிடமும் இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளுக்குப் பதில் சொன்னவர்கள் 1997-இல் 36 விழுக்காடு, 2018-இல் 6. புஷ் போல்காரர்கள் ஆய்வின் பெயரைக் கெடுப்பதால் எங்களுக்கு ஏன் எரிகிறது என்று புரிகிறதா?

அனுப்பியவர்: கயல்விழி

அப்படியானால் நீங்களே முந்தைய மடலில் எழுதிய 'ஆய்வு வேடம்' என்பதிலிருந்து எடுக்கிறேன். வேடக் கணிப்பு. 'கணிப்பு' வந்துவிடுகிறது, தெரியும். ஆனால் முன்னால் வேடம் நிற்கிறது. முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் தந்துவிடுவேன்.

அனுப்பியவர்: செழியன்

வேடம் வடசொல் என்று யாராவது கிளம்புவதற்கு முன்: வேய்தல் அடியாகப் பிறந்த தூய தமிழ் என்பாரும் உண்டு. எனக்கு மறுப்பில்லை. 'தூற்றுவினா'வை அடைப்புக்குறிக்குள் போட்டால் மகிழ்வேன்.

அனுப்பியவர்: பூங்கோதை

வேடக் கணிப்புக்கு என் வாக்கு. களைப்பு வாக்கு என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

அனுப்பியவர்: நசீர்

'வேட ஆய்வு' என்றாவது மாற்றுங்கள். இல்லையென்றால் என் எதிர்ப்பு நிற்கிறது. வேடம் போட்டாலும் கணிப்பு கணிப்புதானே என்று தேர்தல் இரவு விவாதத்தில் ஒருவர் கட்டாயம் பேசுவார்.

அனுப்பியவர்: அருள்

கையேட்டில் எது வந்தாலும் என் சொற்பட்டியலில் 'அம்பல் வினா' இருக்கும். 'கணி' மடல் பன்னிரண்டு பக்கம் ஆகியிருக்கிறது, நாளை அனுப்புகிறேன்.